சித்தி ஏறிய பஸ்

சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறவன் நான். வழக்கமாக இங்கே பஸ் கதைகள்தான் எழுதுவேன். வாடை அடிக்கும் டுரியான் பழப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஏறப் பார்த்த சீனத் தாத்தா, தன் நிறுத்தம் தாண்டியும் தூங்கிவிட்டு "ஏன் எழுப்பலை" என்று என்னோடு சண்டைக்கு வந்த என்எஸ் (தேசிய சேவை) பையன், இப்படி. இதுவும் ஒரு வகையில் பஸ் கதைதான். ஐந்து வருஷமாக எழுதாமல் வைத்திருந்தேன்.

என் மகள் 14 வயதில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதைப் பற்றியது. அவளுக்கு இப்போது 19 வயது. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க, ஆனா நான் படிச்சப்புறம்தான் போடணும்" என்றாள். நேற்று ராத்திரி படித்தாள். இரண்டு பத்திகளை முழுசாக அடித்துவிட்டாள். ஒரு தவறைத் திருத்தச் சொன்னாள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதை வைத்து, எப்படிக் காயப்படுத்திக்கொண்டாள் என்பதெல்லாம் இதில் வராது. அது அவள் போட்ட நிபந்தனை. "பதிமூணு வயசுப் பிள்ளை யாராவது படிச்சா அதை மட்டும்தான் பிடிச்சுக்கும்ப்பா. மத்ததெல்லாம் மறந்துடும்" என்றாள். அவளுக்குத் தெரியாதா?

2020 ஜூலை. சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் முடிந்து, பிள்ளைகள் மறுபடி தினமும் பள்ளிக்குப் போகத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை காலி பஸ்ஸை ஓட்டிப் பழகிவிட்டிருந்தேன். மாடி பஸ்ஸில் மேலே ஒருவர், கீழே ஒருவர். சில நடைகளில் அதுவும் இல்லை. இப்போது கூட்டம் திரும்பியிருந்தது, ஆனால் எல்லாரும் முகக்கவசத்துக்குள். பயணத்தில் பேசாதீர்கள் என்று அறிவுறுத்தல் வேறு. அவ்வளவு அமைதியான சிங்கப்பூரில் நான் அதற்கு முன் பஸ் ஓட்டியதில்லை.

அன்று சாயங்காலம், தற்செயலாக, சித்தி என் பஸ்ஸில் ஏறினாள்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை இல்லை. என் மகளின் தோழி, மலாய்ப் பிள்ளை. மலாய்ப் பெண்கள் பலருக்குப் பெயர் சித்தியில்தான் தொடங்கும். மீதிப் பெயரை நான் எழுதப் போவதில்லை. தொடக்கநிலை நான்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவள். என் அம்மாவுக்கு அந்தப் பெயரில் ஒரு தீராத சந்தோஷம். "வா சித்தி, சாப்பிட்டியா சித்தி" என்று கூப்பிட்டுவிட்டு, "பத்து வயசுல எனக்கொரு சித்தி" என்று தானே சிரித்துக்கொள்வார். தீபாவளிக்கு வந்து அந்தப் பிள்ளை பணஉறைக்குக் கையை நீட்டினால், "சித்தின்னா நீதான் எனக்குத் தரணும்" என்பார். பாதி புரிந்து பாதி புரியாமல் அவளும் சிரிப்பாள்.

முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் வீடு ஐந்தாவது நிறுத்தம். இறங்கவில்லை. பத்தாவது தாண்டியது, இருபதாவது தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பையில் என் மகள் பின்னிக் கொடுத்த நூல் முயல் ஒன்று தொங்கியது. அதன் ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. மொத்தம் 46 நிறுத்தம். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அங்கிள், எவ்வளவு நேரம் இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்பது நிமிடம் என்றேன். அவளுக்கு இரண்டு நிமிடமே போதுமாக இருந்தது.

சொல்லி முடித்துவிட்டு, "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதீங்க" என்றாள். உடனே, "இல்ல, சொல்லிடுங்க. எப்படியும் தெரிஞ்சிடும். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். பிப்ரவரியிலிருந்து.

ஐந்து மாதம். 14 வயதுப் பிள்ளை ஒற்றை ஆளாக அதைச் சுமந்திருக்கிறது. நடுராத்திரியில் என் மகள் அனுப்பும் செய்திக்காகக் கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. பதில் போடாமல் தூங்கிவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அதே நேரத்தில் நான், மறுநாள் விடியற்கால ஷிஃப்டுக்காக, மகளின் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

நேரம் ஆனதும் பஸ்ஸைத் திருப்பி ஓட்டியாக வேண்டும். ஓட்டினேன். சித்தி மறுபடி அட்டையைத் தட்டி அதே இருக்கையில் உட்கார்ந்தாள். வரும் வழியில் யாரை ஏற்றினேன், எங்கே நிறுத்தினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. அந்த ஒரு நடையைக் கடவுள்தான் ஓட்டியிருக்க வேண்டும். அவள் நிறுத்தம் வந்தது, மணியை அழுத்தினாள், "தேங்க்யூ அங்கிள்" என்றாள். எல்லாப் பயணிகளும் சொல்கிற அதே தேங்க்யூ. நான் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டால் இதை எழுதி என்ன பயன்?

மனைவியிடம் சமையலறையில் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நேராக மகளின் அறைக்குப் போனாள். "கையைக் காட்டு." மகள் காட்டவில்லை. பிடித்து இழுத்தாள். பிறகு அழுகை, கத்தல். "நாங்க உனக்கு என்னடி குறை வெச்சோம்?" இந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையால் பதில் சொல்ல முடியும்? குறை உண்டு என்றால் நன்றி கெட்டவள், இல்லை என்றால் பைத்தியம். என் பங்குக்கு நான் கைபேசியைப் பிடுங்கினேன். அம்மா கூடத்தில் இருந்தபடியே, "கண்ணு பட்டிருக்கு, உப்பு மிளகாய் சுத்திப் போடணும்" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் விஷயம் மச்சான் காதுக்குப் போய்விட்டது. "வுட்பிரிட்ஜ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. பேர் பதிவாயிடும். நாளைக்கு வேலை, கல்யாணம்னு வரும்போது..." என்று போனில் ஆரம்பித்தார். அந்த மனநல மருத்துவமனை 1993இல் புவாங்கோக் கிரீனுக்கு மாறியபோதே மனநலக் கழகம் என்று புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் தலைமுறைக்கு அது இன்னும் வுட்பிரிட்ஜ்தான், சின்ன வயதில் ஒருவரையொருவர் வைதுகொண்ட வார்த்தை.

அப்புறம் வழக்கமான முடிவு: சேர்க்கை சரியில்லை. மகளின் வாட்ஸ்அப்பில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. அதில் இன்னொரு பெண்ணும் இப்படித்தான் செய்துகொள்கிறாள் என்று தெரிந்ததும் எங்களுக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, குற்றவாளியைப் பிடித்துவிட்ட போலீஸ்காரனுக்குக்கூட அப்படி இருக்காது. யாரோடும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டோம். சித்தியோடும்தான்.

எங்களிடம் வந்து சொன்ன ஒரே பிள்ளையை முதல் நாளே வெட்டிவிட்டோம். மகளும் சித்தியை வெட்டிவிட்டாள், காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்று வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

எங்களைக் காப்பாற்றியது மகள் படித்த பள்ளியின் ஆலோசகர். 30 வயதுகூட இருக்காது அந்தச் சீனப் பெண்ணுக்கு. முதல் சந்திப்பில் நான் கேட்ட முதல் கேள்வி, "கவனத்தை இழுக்கத்தானே இதெல்லாம்?" அவர் கோபப்படவில்லை. "கவனத்துக்காக என்றால் இந்த வெயிலில் ஏன் முழுக்கை ஜாக்கெட் போட்டு மறைக்கிறாள்?" என்று கேட்டார். பல மாதமாக அந்தச் சாம்பல் நிற ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏர்கான் குளிர் என்றாள். எங்கள் வீட்டில் ஏர்கான் போடுவதே ராத்திரி பத்து மணிக்குப் பிறகுதான்.

அவர் எனக்குப் புரியவைத்தது இது. இப்படிச் செய்துகொள்ளும் பிள்ளைகள் பலருக்கு அந்த நேரத்தில் சாகும் எண்ணம் இருப்பதில்லை. உள்ளே தாங்க முடியாமல் ஏறும் ஒன்றைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்கப் பார்க்கிறார்கள். இறங்குகிறது, ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு அவமானமும் சேர்ந்து ஏறுகிறது. சாகும் எண்ணம் இல்லைதானே என்று விட்டுவிடவும் முடியாது. இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்: "உனக்குச் சாகணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்தேன். அப்படி விதைக்காது, கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து என்றார். அன்று ராத்திரி கேட்டேன். எனக்குத்தான் நாக்கு உலர்ந்தது. அவள் சாதாரணமாக, "இல்லப்பா. ஒரு தடவை தோணுச்சு. இப்ப இல்ல" என்றாள். அந்த ஒரு தடவை எப்போது என்று அடுத்த சந்திப்பில் ஆலோசகரிடம் சொன்னாள். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

படிக்கிறவர் யாருக்காவது இன்றைக்கே தேவைப்படலாம் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767. 24 மணி நேரமும் எடுப்பார்கள். பேசப் பிடிக்காவிட்டால் 9151 1767 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். 2025 ஜூனிலிருந்து 1771 என்ற தேசிய மனநல எண்ணும் 24 மணி நேரம் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 995. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1767க்கு நானே ஒருமுறை அழைத்தேன், டெர்மினலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு.

குடும்பமாக உட்கார்ந்து பேசும் சந்திப்பு ஒன்று இருந்தது. அதில் அந்த ஆலோசகர் கேட்டார்: "உங்கள் வீட்டில் ஒருவர் அழுதால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகள்தான் சொன்னாள். "அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. பாட்டி போய்ப் பாத்திரம் கழுவுவாங்க. அம்மா, ‘எதுக்கு அழுவுறே, முகத்தைக் கழுவிட்டு வா’ன்னு சொல்வாங்க."

உண்மைதான். வசந்தம் ஒளிவழியில் என்ன ஓடுகிறது என்பது முக்கியமில்லை, சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அழுகிறவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் செய்துகொண்டிருந்தேன். என் அப்பா எனக்குச் செய்ததும் அதேதான். அவர் காலத்தில் வானொலி.

அடுத்து, தண்ணீர்க் குழாய். என் மனைவி லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். 2020 பிப்ரவரியில் டோர்ஸ்கான் ஆரஞ்சு என்ற நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலையை அறிவித்ததிலிருந்தே வியாபாரம் படுத்துவிட்டது. முதலில் பாதிச் சம்பளம், பிறகு சம்பளமில்லா விடுப்பு. போதாததற்கு நான் என் தம்பிக்குக் கடன் கொடுத்திருந்தது வெளியே வந்தது. தினமும் சண்டை. பிள்ளை காதில் விழக் கூடாது என்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சண்டை போடுவோம். அதில் எங்களுக்குப் பெருமைகூட உண்டு, நாகரிகமாக நடந்துகொள்கிறோம் என்று. நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் கட்டில். "தண்ணி சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு பிசையும்" என்றாள். பாத்திரம் கழுவினாலும் அவளுக்குப் பிசைந்திருக்கிறது.

இன்னொன்று மதிப்பெண். 2018இல், தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் அவள் எடுத்தது 228. பெரியம்மா மகள் 251. சனிக்கிழமைதோறும் என் மனைவியும் அவள் அக்காவும் போனில் பேசும்போது இந்த 23 புள்ளி எப்படியாவது வந்துவிடும். 2021இல் அந்த மதிப்பெண் முறையையே கல்வி அமைச்சு எடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் எடுபட இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

இவற்றில் எதுவும் தனியாக ஒரு பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டிருக்காது. எத்தனை வீட்டில் சண்டை இல்லை, எத்தனை வீட்டில் பெரியம்மா மகள் இல்லை? அந்தப் பக்கம் பள்ளியிலும் ஒன்று நடந்திருந்தது. ஜனவரியில் வகுப்புப் பெண்கள் ஒரு புதுக் குழு தொடங்கி அதில் இவளை மட்டும் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் காதுக்கு இது அற்பமான விஷயம். தினமும் ஆறு மணி நேரம் அதே வகுப்பறையில், தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்கு எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது அற்பமில்லை. வீட்டில் சொன்னாளா? சொன்னாளாம். "அவங்க கிடக்குறாங்க, நீ படிப்பைப் பாரு" என்று நான் பதில் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

நாங்கள் குற்றவாளியாக்கிய அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு விஷயம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஜனவரியில் என் மகளிடம் வந்து, "உனக்கு எப்படி இருக்கு, நிஜமா சொல்லு" என்று முதலில் கேட்டவள் அவள்தான். தொற்றிக்கொண்டது என்று சொல்வார்கள். சளி மாதிரி தொற்றவில்லை அது. தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் எந்த வழியில் நிம்மதி தேடுகிறாளோ, அந்த வழிதான் இவள் கண்ணுக்கும் பட்டது. அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் பேசலாம் என்று அழைத்தேன். "நன்றி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வைத்துவிட்டார்கள். முதல் நாள் என்னை யாராவது அழைத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஷிஃப்டுக்கு இடையில் நேரம் கிடைக்கும்போது இதைப் பற்றி நிறையப் படித்தேன். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, ஆக்ஸ்ஃபர்டின் கீத் ஹாட்டன் குழுவினர் நடத்தியது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 15, 16 வயதுள்ள 6,000 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன சம்பவங்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான் மருத்துவமனை வரை போயிருக்கிறது. மீதி ஏழும் வீட்டுக் கதவுக்குள்ளேயே நின்றுவிட்டன. எதெல்லாம் இதோடு சேர்ந்து காணப்படுகிறது என்ற பட்டியலில், நண்பர்கள் யாராவது அப்படிச் செய்திருப்பது என்று இருந்தது. "பார்த்தியா, நான் அப்பவே சொல்லலை?" என்று மனைவியிடம் காட்ட வாயெடுத்தேன். அடுத்தாற்போல இருந்ததைப் படித்ததும் மூடிக்கொண்டேன். குடும்பத்தில் யாராவது அப்படிச் செய்திருப்பது.

இனி எழுதப்போவது எங்கள் குடும்பத்தில் பலருக்குப் பிடிக்காது.

என் அப்பாவின் தங்கை, என் அத்தை. 1986இல் அவருக்கு 19 வயது. தோ பாயோவில் மூவறை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எனக்குச் சோறு போட்டார். அத்தை இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டா." எனக்கு 10 வயது, நம்பினேன். பதினெட்டு வயதில் நம்பவில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் அதே வாக்கியத்தைத்தான் நானும் சொன்னேன். கல்யாணமான புதிதில் என் மனைவியிடம்கூட அப்படித்தான்.

அப்பாவையும் அம்மாவையும் மட்டும் குறை சொல்லிவிட முடியாது. அன்று அது குற்றம். தற்கொலைக்கு முயல்வது குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் வரும், ஓராண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம். மருத்துவமனையிலேயே போலீஸ் வந்து நின்றால் பெண்ணின் கதி என்ன என்று பயந்திருக்கிறார்கள். அந்தப் பிரிவு நீக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1இல். என் மகள் தொடங்கியதற்கு ஒரு மாதம் முன்னால். சட்டம் போய்விட்டது, குளியலறை மட்டும் எங்கள் வீட்டில் அப்படியே இருந்தது.

என் மகளுக்கு மறைக்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் வெளியில் தேடியிருக்கவே வேண்டியதில்லை.

சிகிச்சை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆலோசகர் மருத்துவமனைக்கு அனுப்பினார், அங்கே உளவியலாளர் ஒருவர். ஒன்றேகால் வருஷம். நல்ல வாரமும் வரும், மோசமான வாரமும் வரும். நின்றுவிட்டது என்று நினைத்து நாங்கள் பிரியாணி சமைத்த வாரம் மறுபடி தொடங்கியது. மச்சான் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் என் அம்மா செய்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருஷக் கடைசியில் ஒருநாள், யாரிடமும் கேட்காமல், மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முழங்கால் வலிக்காரர், தரையில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார், குளியலறை இல்லாமல். அன்று என்ன சமைத்தார், ஆம்புலன்சில் என்ன வேண்டிக்கொண்டார், திரும்பி வந்த நாத்தனாரோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று தாத்தா சத்தியம் வாங்கியது, அந்தச் சத்தியத்தை 34 வருஷம் காப்பாற்றியது. "பேசியிருக்கணும்டி. அவ கூடவே படுத்துத் தூங்கினேன், ஒருநாள்கூட ஏன்னு கேக்கலை."

வெளியே வந்து என்னிடம், "சொல்லிட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நிலைமையில் இருக்கும் பிள்ளையிடம் போய் இதைச் சொல்லலாமா? உளவியலாளருக்கு அழைத்து, பதறிப்போய்க் கேட்டேன். அடுத்த சந்திப்பில் அவர் மகளிடமே கேட்டுவிட்டார்: பாட்டி சொன்னதில் உனக்கு என்ன நிற்கிறது?

"அத்தைப் பாட்டிக்கு இப்ப அம்பத்தி மூணு வயசு" என்றாளாம். "புக்கிட் பாத்தோக்ல இருக்காங்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்க வீட்டுக்கு நாலு டப்பா முறுக்கு வரும்."

அந்த வருஷம் தீபாவளிக்கு இவளே போய் முறுக்கு பிழியக் கூடமாட இருந்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது மகள் அடித்த பத்திகளில் ஒன்று.

சித்தியைப் பற்றி மறுபடி சொல்லாமல் முடிக்க முடியாது.

பிள்ளைகளின் தோழமையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் நல்ல நண்பர்கள் கைகொடுப்பார்கள் என்று எழுதுகிறார்கள். சரி. அந்தக் கையின் நிலைமையை யார் பார்ப்பது? பிள்ளைகள் முதலில் சொல்வது இன்னொரு பிள்ளையிடம்தான். கேட்ட பிள்ளைக்கும் அதே வயது, மறுநாள் அதே கணக்குச் சோதனை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்து கொடுத்துவிடும். ஆலோசகர் பிறகு சித்தியையும் தனியாகக் கூப்பிட்டுப் பல முறை பேசியிருக்கிறார். அந்த வருஷம் அவளுக்கும் மதிப்பெண் சரிந்திருக்கிறது. அவள் வீட்டில் காரணம் தெரியாமல் திட்டு வாங்கியிருக்கிறாள். தோழியின் ரகசியம் என்பதால் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. நான் போய் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். "இந்தப் பிள்ளையால்தான் என் பிள்ளை இருக்கிறாள்" என்று. சொன்னால் என் வீட்டு விஷயம் வெளியே போய்விடுமே என்று பல மாதம் தள்ளிப்போட்டேன். அதுவரை திட்டு வாங்கியது அவள்தான்.

2021 நோன்புப் பெருநாளுக்குத்தான் போனேன், மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பா அல்வாவோடு. மகள் வரவில்லை. சொன்னோம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சித்தியின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் முன்னால் உட்கார வைத்தார். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. பையில் அந்த நூல் முயல் இல்லாததைப் பார்த்தேன்.

அவர்கள் இருவரும் பழைய மாதிரி ஆகவில்லை. உயர்நிலை நான்கு முடியும் வரை ஒரே பள்ளி, ஒரே பஸ், தனித்தனி இருக்கை. சித்தி இப்போது தாதிமை படிக்கிறாள். எப்போதாவது என் பஸ்ஸில் ஏறுவாள். "சாப்பிட்டாச்சா அங்கிள்" என்பாள். இப்போது நானும் பதில் சொல்கிறேன். சில தோழமைகள் ஒரு ஆளைக் கரையேற்றுவதிலேயே தீர்ந்துபோய்விடுகின்றன என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி மகள் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது தப்பு. ‘தற்செயலாக’ன்னு போட்டிருக்கீங்க."

"ஏன், அன்னைக்கு என் பஸ்ல ஏறினா..."

"மூணு நாள் இன்டர்சேஞ்ச்ல நின்னிருக்காப்பா. ஸ்கூல் விட்டு நேரா. உங்க நம்பர் பஸ் வரும்போதெல்லாம் ஓட்டுறது யாருன்னு எட்டிப் பாத்துட்டு, நீங்க இல்லன்னா விட்டுடுவாளாம். மூணாவது நாள்தான் நீங்க வந்தீங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"அவதான்."

எப்போது பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. "அந்த வார்த்தையை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எடுக்கவில்லை. ஐந்து வருஷம் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதற்காக, மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.